மதினி வாசித்த பலகை

எழுதிய பலகை எதைக் கண்டாலும் மதினி நின்றுவிடுவாள். உதடு அசைய ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். 'இங்கே துப்பாதீர்', 'நாய் ஜாக்கிரதை', 'சைக்கிள் நிறுத்தக் கூடாது' எல்லாமே தனக்கென்று எழுதிவைத்தது என்று அவளுக்கு நினைப்பு. சைக்கிள் நிறுத்தக் கூடாது என்று எழுதிய சுவரோரம் நின்று பேசக்கூட மாட்டாள். "நம்மகிட்ட சைக்கிளா இருக்கு? வாங்க மதினி" என்று கையைப் பிடித்து இழுத்தால், "எழுதிப் போட்டிருக்குல்லா" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மேலே அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வளவில் கிடையாது.

நான் சாத்தான்குளத்துக்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து வந்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனியாக வீடு தர யாருக்கும் மனசு வரவில்லை. அலைந்து திரிந்து கடைசியில் திருநெல்வேலி டவுனில், கீழரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவில் ஒற்றை அறை கிடைத்தது. நடுவில் கிணறு, சுற்றிலும் ஓட்டு வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாசல். என் அறைக்கு எதிர்வீட்டில் மதினி தன் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். தம்பி பெண்டாட்டிக்கு அவள் மதினி. அந்தப் பெண் காலையிலிருந்து ராத்திரி வரை 'மதினி, மதினி' என்று கூப்பிட்டதில் வளவுக்கே மதினியாகிவிட்டாள். பால்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவளைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. நெற்றியில் எப்போதும் விபூதி, அதன் கீழே பெரிய குங்குமம். கழுத்தில் தாலி கிடந்தது. கட்டியவர் பம்பாயில் இருந்தார், அல்லது இருப்பதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி வளவில் யாரும் பேசுவதில்லை. நான் வந்த புதிதில் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டு, தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சித்திரை மாதம் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனோம். ஆறு வற்றிக் கெண்டைக்காலுக்குக் கீழே ஓடியது. கரையில், மழைக்காலத்தில் யாரோ நட்டுவைத்த பலகை மட்டும் நிமிர்ந்து நின்றது. 'ஆழமான பகுதி. இங்கே குளிக்காதீர்.' பலகைக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதினி படியிலேயே நின்றுவிட்டாள்.

"மதினி, இதுல முங்கணும்னா படுக்கணும்" என்றேன்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "எக்கா, ஆழம் எங்க இருக்குன்னு காட்டுங்க, நாங்களும் ஒரு முங்கு போட்டுக்கிடுதோம்" என்றாள். படித்துறையே சிரித்தது. மதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இறங்கவில்லை.

"ஆத்துல எப்பம் தண்ணி வரும்னு ஒனக்குத் தெரியுமா? எழுதிப் போட்டவனுக்குத் தெரியும்லா" என்றாள்.

சனியனே என்று தலையில் அடித்துக்கொண்டு நான்தான் வாளியில் மொண்டு மொண்டு கொண்டுவந்து படியில் வைத்தேன். தாமிரபரணிக்கு வந்து வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுப் போன ஒரே பெண்பிள்ளை அவளாகத்தான் இருப்பாள்.

டவுன் பஸ்ஸிலும் இதே கதைதான். 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று ஜன்னலுக்கு மேலே எழுதியிருக்குமே, அதை வாசித்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் அவள் விட்டுவிட்டு வந்த குடையை எடுத்துக்கொண்டு தம்பி ஓடிவந்து ஜன்னல் வழியாக நீட்டினான். கையை வெளியே விட்டு வாங்கவேண்டியதுதான் பாக்கி. "உள்ள போடுலே, உள்ள போடு" என்கிறாளே தவிர, கையை நீட்டவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. அன்றைக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வந்தவளைப் பார்த்துத் தம்பி, "ஒன்னையக் கட்டி மேய்க்க முடியாதுக்கா" என்று கத்தினான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "கை போனா யாருலே தருவா?" என்றாள்.

நான் டைப்பிஸ்ட் என்பதில் அவளுக்கு என்மேல் பெரிய மரியாதை. கலெக்டரைவிட ஒரு படி மேலே வைத்திருந்தாள். எங்கள் அலுவலக வாசலில் 'அலுவல் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒருநாள் நான் தூக்குவாளியை மறந்து வந்துவிட்டேன். மதினி அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, அந்தத் தாளை வாசித்துவிட்டு, உச்சி வெயிலில் வேப்பமரத்தடிகூட இல்லாத வாசலில் நின்றிருக்கிறாள். யாரோ சொல்லி நான் வெளியே வந்தபோது முகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

"உள்ள வரவேண்டியதுதான மதினி?"

"அலுவல் இல்லாதவங்க வரக்கூடாதுன்னு இருக்குல்லா."

"சோறு கொண்டாந்திருக்கிய. அது அலுவல் இல்லையா?"

"சோறு அலுவலா? நல்லா இருக்கு ஒன் பேச்சு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அந்த எழவை அடிச்சதே நாந்தான் மதினி. ஆபீசர் சொன்னாரு, அடிச்சேன். ஒட்டுனவனுக்கு அதுல என்ன இருக்குன்னே தெரியாது" என்றேன். அவள் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பம் நீ யோசிக்காமலா அடிச்சே?" என்று கேட்டாள். கேலியில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். நான் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பலகை வாசிக்கும் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியவர் அவள் அப்பா. ஒரு காலத்தில் வயல் வரப்பு என்று இருந்து, விற்றுத் தின்று, கடைசியில் வளவு வீட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது. எது போனாலும் சாயங்கால டீயை மட்டும் அப்பா விடவில்லையாம். தினமும் ஒரு கையில் மகளையும் மறு கையில் மகனையும் பிடித்துக்கொண்டு சந்நிதித் தெரு முக்கில் இருந்த டீ கிளப்புக்கு நடப்பார். போகிற வழியெல்லாம் கடைப் பலகைகளை மகளை வாசிக்கச் சொல்லுவார். ஜவுளிக்கடை, நாட்டு மருந்துக்கடை, பாத்திரக்கடை. திக்காமல் வாசித்தால் தலையில் கைவைத்து, "எம் மக வக்கீலாயிருவா" என்பாராம். அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதும் அதே அப்பாதான். அதை மதினி சொல்லமாட்டாள், தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த டீ கிளப்பைத் தெரியாதவர்கள் டவுனில் இருக்கமுடியாது. வெள்ளைக்காரன் காலத்தில், மேலே மலையில் தேயிலைத் தோட்டம் போட்ட புதிதில், காப்பியைத் தவிர வேறொன்றும் அறியாத ஊரை டீ குடிக்கப் பழக்குவதற்கு ஆரம்பித்த கடை என்று சொல்வார்கள். பளிங்குக்கல் பதித்த மேசைகள், ஆளுயரக் கண்ணாடி, வாசலில் தள்ளினால் ஆடும் அரைக் கதவு. டீ கண்ணாடித் தம்ளரில் வராது. பீங்கான் கெட்டிலில், கோப்பை சாஸரோடு, பால் தனியாக வரும். சுதந்திரத்துக்கு முன்னால் எந்தெந்தத் தலைவர்கள் எந்தெந்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லோரும் சொல்கிற கதையைக் கூட்டினால் தேசம் முழுவதும் அங்கே வந்து டீ குடித்திருக்கவேண்டும்.

கிளப்பு வாசல் வந்ததும் அப்பா அவளை மட்டும் எதிரே பூக்கடையில் விட்டுவிடுவார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் நுழைகிற இடமில்லை அது. தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போவார். "அரைக் கதவுக்கு மேல கண்ணாடி தெரியும்லா, அதுக்குள்ள அப்பா முதுகு தெரியும். கதவுக்குக் கீழ பாத்தா இவன் காலு தெரியும். தரைல எட்டாம ஆட்டிக்கிட்டே இருப்பான்" என்று மதினி ஒருநாள் கிணற்றடியில் சொன்னாள். திரும்பும்போது அப்பா ஒரு பிஸ்கட்டைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து தருவார்.

"ஒங்களுக்கு வருத்தமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"வருத்தம் என்னத்துக்கு? கல்யாணம் ஆகட்டும், மாப்பிள்ளையோட வந்து குடின்னு அப்பா சொல்லுவாவ. பொறவு என்ன?" என்றாள்.

அலுவலகத்துப் பெண்களோடு நான் மாதம் ஒருமுறையாவது அந்த கிளப்புக்குப் போவேன். போய்வந்தேன் என்று தெரிந்தால் போதும், அன்றைக்கு மதினி என்னைத் தூங்கவிடமாட்டாள். எந்த மேசை, கெட்டிலுக்குத் துணி உறை போட்டு வந்ததா, பாலை முதலில் விட்டாயா டீயை முதலில் விட்டாயா, கண்ணாடியின் மூலையில் ரசம் போயிருக்குமே அதை மாற்றிவிட்டார்களா. ஒரு நாள்கூட உள்ளே போகாதவள் எனக்கே தெரியாததையெல்லாம் கேட்பாள். "கேள்வி கேக்கத நிப்பாட்டிட்டு நாளைக்கு எங்கூட வாங்களேன்" என்றால் சோலி கிடக்கிறது என்பாள், முழங்கால் வலிக்கிறது என்பாள், டீ குடித்தால் பித்தம் என்பாள். பித்தமாம், வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை டீ போட்டுக் குடிப்பாள் என்று எனக்குத் தெரியாதா?

நான்கு வருடம் இந்தச் சாக்குகளை நம்பிக்கொண்டிருந்தேன். ஆனித் தேரோட்டத்தன்றுதான் விஷயம் வெளியே வந்தது. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை வெயிலில் நின்றுவிட்டு, நாக்கு வறண்டு, நானும் அவளும் சந்நிதித் தெருவில் வந்தோம். எதிரே கிளப்பு. நான் அவள் முழங்கையைப் பிடித்து நேராகப் பக்கவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெண்களும் குழந்தைகளும் உட்காருவதற்கென்று பிற்காலத்தில் கிளப்பின் பின்பக்கம் மரத்தட்டி வைத்து மறைத்த ஒரு அறை உண்டு. பச்சைத் திரை தொங்கும். திரைக்கு மேலே தகரப் பலகை. மதினி வழக்கம்போல நின்றாள். வழக்கம்போல வாசித்தாள். இந்த முறை வாய்விட்டே வாசித்தாள்.

"குடும்பத்துடன் வருபவர்களுக்கு மட்டும்."

"சரி, வாசிச்சாச்சுல்லா, வாங்க" என்றேன்.

"நமக்குச் சொல்லல தாயி" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்புத்தான் வந்தது. "மதினி, குடும்பம்னா பொம்பளையாளுன்னு அர்த்தம். நாங்க ஆபீஸ் பொம்பளைங்க எல்லாம் இங்கனதான இருந்து குடிக்கோம்?"

"நீங்க நாலு பேரு கூட்டமாப் போறிய. கேக்கமாட்டாவ. நான் என்ன சொல்லி உள்ள போவேன்?"

"தம்பி கூப்பிட்டிருப்பாருல்லா?"

"கூப்பிட்டான். பொண்டாட்டி புள்ளையோட வரும்போதெல்லாம் கூப்பிடத்தான் செய்தான். அது அவன் குடும்பம். நான் அதுல தொத்திக்கிட்டு வந்தவ. எனக்குன்னு ஒண்ணு இருந்து, அதோட வந்தாத்தான் அது குடும்பத்துடன்."

தேர்க்கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. அவள் அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று மற்றதையும் சொன்னாள். கல்யாணமான புதிதில், மறுவீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இதே வாசலுக்கு வந்திருக்கிறாள். அன்றைக்குக் கதவில் 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கியது. உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது. அடுப்பும் எரிந்தது. கேட்டால் ஒரு டீ தராமலா போய்விடுவார்கள், கேட்கிறேன் என்றாராம் அவர். இவள்தான் தடுத்துவிட்டாள். "எழுதிப் போட்டிருக்குல்லா, அடுத்த தடவ வருவோம்னு சொல்லிட்டேன். அவுகளும் சரின்னாவ" என்றாள். அடுத்த தடவை வருவதற்குள் அவர் பம்பாய் போய்விட்டார். அங்கே வேறு வீடு, வேறு பெண்சாதி, பிள்ளைகள்.

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை.  அன்று இருவரும் பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்தோம்.

அந்த வருடமே எனக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தது. பெட்டி படுக்கை கட்டுவதைவிட இந்த டீதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, "மதினி, குடும்பத்துடன்னு தான எழுதியிருக்கு, யாரு குடும்பம்னு எழுதலயே. நானும் ஒத்தைல கெடக்கேன், நீங்களும் ஒத்தைல கெடக்கிய. ரெண்டு பேரும் சேந்தா ஒரு குடும்பம்னு வச்சுக்கிட்டா என்ன குடி முழுகிப்போகும்?" என்று சண்டை பிடித்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். சரிதான், இந்த ஜென்மத்தில் இது நடக்காது என்று விட்டுவிட்டேன்.

அவள் விடவில்லை. சில நாள் அதையே யோசித்திருக்கிறாள். ஒருநாள் காலையில் நான் தலை சீவிக்கொண்டிருக்கும்போது அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, நீ என்னைய எப்படிக் கூப்பிடுத?"

"மதினின்னு."

"புருசனுக்கு அக்காளும் மதினி. அண்ணன் பொண்டாட்டியும் மதினி. ஒனக்குக் கல்யாணம் ஆகல. அதனால புருசனுக்கு அக்காளா நான் இருக்க முடியாது. அப்பம் ஒனக்கு நான் என்ன மொறை?"

"அண்ணன் பொண்டாட்டி" என்றேன்.

"அப்பம் நீ எனக்கு நாத்தனா. நாத்தனாளும் மதினியும்னா அது குடும்பந்தான?"

"எனக்கு அண்ணனே கெடையாதே மதினி."

"இருந்தா?" என்றாள். அப்படியொரு நிம்மதி அந்த முகத்தில். ஒரு பொய்யும் சொல்லாமல் வழக்கை ஜெயித்துவிட்ட நிம்மதி. அப்பா சொன்னது சரிதான், படிக்கவிட்டிருந்தால் வக்கீலாகத்தான் ஆகியிருப்பாள்.

நான் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின சனிக்கிழமை போனோம். மதினி பெட்டியிலிருந்து அரக்குக்கலர் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். டீ குடிக்கப் பட்டா என்று தம்பி பெண்டாட்டி வாய்க்குள் சிரித்தாள். பிறகு அவளே மல்லிகைப்பூ கொண்டுவந்து வைத்துவிட்டாள். வழியெல்லாம் மதினியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பலகை எதையும் வாசிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையை விலக்கி உள்ளே போனோம். நாலு நாற்காலி போட்ட மேசை. மற்ற இரண்டு மேசைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். மதினி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பளிங்குக்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சில்லுன்னு இருக்கு" என்றாள். தோளில் துண்டு போட்ட வயசான சர்வர் ஒருவர் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டாள்.

"இவ என் நாத்தனா. நாங்க ஒரே குடும்பந்தான்."

கோர்ட்டில் சாட்சி சொல்லுகிற குரல். சர்வருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி தாயி. என்ன கொண்டாரட்டும்?"

"இல்ல, வெளிய எழுதிப் போட்டிருக்குல்லா, அதுக்காகச் சொல்லுதேன்."

"ஓ, அதைச் சொல்லுதியளா" என்று அவர் சிரித்தார். "அது சும்மா எழுதிப் போட்டது தாயி. அந்தக் காலத்துல ஆம்பளைப் பயலுவ இங்கன வந்து உக்காந்துக்கிட்டு பீடி குடிப்பானுவ, எந்திரிக்க மாட்டானுவ. அவனுவள வெரட்டதுக்குப் பெரிய மொதலாளி எழுதி மாட்டுனது. பொம்பளையாளு தனியா வந்தா யாரு கேக்கப்போறா? எதுத்த பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு டீச்சரம்மா தெனமும் தனியாத்தான் வருவாவ. நீங்க இருக்கிய பாருங்க, இதே எடந்தான். ரொம்ப வருசம் வந்தாவ."

"எப்பம் இருந்து?" என்று கேட்டாள் மதினி.

"எப்பம் இருந்துன்னா, போர்டு மாட்டுன காலத்துல இருந்துதான். நான் இங்க வேலைக்குச் சேந்ததுல இருந்து பாத்திருக்கேன்" என்றார். பிறகு, "ரெண்டு டீதான?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிமிஷம் அவர் வாயில் துணியை அடைத்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது. மதினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ வந்தது. கெட்டிலுக்குத் துணி உறை போட்டிருந்தார்கள். ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை, நான்தான் ஊற்றினேன். அவள் கோப்பையைக் காதைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். பாதி குடித்த பிறகு, "நல்லாருக்கா மதினி?" என்று கேட்டேன். 

"நல்லாருக்கு" என்றாள். மீதி டீயையும் குடித்துவிட்டு, "பூக்கடைல நின்னத விடு. அது அப்பம். அதுக்குப் பொறவு எத்தனையோ நாளு இந்தத் திரைக்கு அங்கிட்டு வந்து நின்னுட்டுத் திரும்பியிருக்கேன். போற வாற எல்லாரும் அதை வாசிச்சுட்டு, ரோசனை பண்ணித்தான் உள்ள போறாவன்னு நெனச்சிருந்தேன். நான் ஒருத்திதான் வாசிச்சிருக்கேன் போலுக்கு" என்றாள்.

"அதான் இப்ப வந்தாச்சுல்லா. இனி நெனைச்சப்பல்லாம் வரலாம்" என்றேன்.

"யாரு கூட? நீ போயிருவே."

"தனியாவே வரலாம் மதினி. அவருதான் சொல்லுதாருல்லா."

"ஆமா. தனியா வரலாம். அன்னைக்கும் தனியா வந்திருக்கலாம்." கோப்பையைச் சாஸரில் வைத்தாள். பீங்கான் சத்தம் போட்டது. "எனக்குக் கோவமா வருது தாயி. யாரு மேலன்னுதான் தெரியல" என்றாள்.

அவள் கோபம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்பாவைச் சொல்லவில்லை, பம்பாய்க்காரரைச் சொல்லவில்லை, பலகை மாட்டிய முதலாளியைச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீரும் வரவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போது திரை விலகியது. புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. மற்ற மேசைகள் காலியாகவில்லை. எங்கள் மேசையில் இரண்டு நாற்காலிகள் சும்மா கிடந்தன. எங்களுக்குத்தான் டீ முடிந்துவிட்டதே, எழுந்துகொள்வோம் என்று நான் பையை எடுத்துவிட்டேன். மதினியைப் பற்றி எனக்குத் தெரியாதா, பஸ்ஸில் கைப்பிள்ளைக்காரியைக் கண்டால் நான் எழுவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறவள். அந்தப் புருஷன் நாற்காலியின் முதுகில் கைவைத்து, "இங்கன யாராவது இருக்காவளா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மதினி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமா, ஆளு இருக்கு" என்றாள்.

அவர்கள் வெளியே போய்விட்டார்கள். மதினி காலி நாற்காலிகள் இரண்டையும் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சர்வர் வந்து கெட்டிலையும் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் நாங்கள் வெகுநேரம் அங்கேயே இருந்தோம். யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை.